தூக்கத்தில் உதறிய கைகள்

எங்களுக்குப் பிள்ளை பிறந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. அந்தமானில், பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகிற படகில் கயிறு கட்டுவது என் வேலை. காலை டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் படுக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையை நான் வாங்கிக்கொள்வேன். அவனைத் தூங்க வைப்பது என் பொறுப்பு.

சேலையில் தூளி கட்டலாம் என்றாள் அவள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுனாமி வந்த காலையில் இந்தத் தரை ஆடியதைப் பார்த்தவன் நான். அன்றிலிருந்து தொங்குகிற எதைப் பார்த்தாலும் அது தானாக ஆடுகிறதா என்றுதான் பார்ப்பேன். அதனால் பலகையில் தாழ்வாக ஒரு குட்டிக் கட்டில் அடித்து, பீரோ சாய்ந்தாலும் எட்டாதபடி வாசல் பக்கமாகப் போட்டேன்.

பிள்ளை என் தோளில் நன்றாகத் தூங்குவான். கட்டிலில் கிடத்தியதும் இரண்டு கைகளையும் வெடுக்கென்று விரிப்பான். விரல்களை அகட்டிக் காற்றைப் பிடிக்கப் பார்ப்பான். பிறகு வீறிட்டு அழுவான்.

பூமி ஆடுவதற்கு முன்பே நாய்க்கும் கோழிக்கும் தெரிந்துவிடும் என்று படகில் பேசிக்கொள்வார்கள். பச்சைப் பிள்ளைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தரையில் ஏதோ ஓடுகிறது. அது கட்டில் கால் வழியாக அவன் முதுகுக்குப் போகிறது. தோளில் இருக்கும்போது அவனுக்கு அது எட்டுவதில்லை. இதை நான் முழுசாக நம்பினேன். அவன் கையை விரித்த உடனே அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவேன்.

முதல் தடவை எதிர்க் கடைக்காரரும் பதறிக்கொண்டு வெளியே வந்தார். அப்புறம் இருந்த இடத்திலிருந்தே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"என்ன அண்ணே, இன்னிக்கும் பூகம்ப் ஆயா க்யா, வந்துடுச்சா? ஓடுறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்க, நான் கல்லாவத் தூக்கிட்டு வர்றேன்."

தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். மனைவி தூக்கக் கலக்கத்தோடு வாசலுக்கு வருவாள்.

"ஏங்க, உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் பூமி ஆடுது. எனக்கு ஆடவே மாட்டேங்குது. கொஞ்சம் படுக்க விடுங்களேன்."

பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நர்ஸ் சிரித்தார்.

"அரே பாபா, எல்லா பச்சாவும் இப்படித்தான் செய்யும். கீழ விழற மாதிரி அதுக்குத் தோணும், அவ்ளோதான். முதல்ல பின்பக்கத்த வைங்க, அப்புறம் முதுகு, கடைசியில தலை. மல்லாக்கத்தான் படுக்கணும். தலகாணி, துணிமணி எதுவும் பக்கத்துல வேணாம். கை ரெண்டும் அடங்குற வரைக்கும் நெஞ்சுல லேசா உங்க கைய வைங்க."

மறுநாள் மதியம் அப்படியே செய்தேன். கைகள் விரிந்தன. கயிறு பிடித்துக் காய்த்த என் கையை, பாரம் விழாமல் அவன் நெஞ்சில் வைத்தேன். மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. அவன் கைகள் மெல்ல இறங்கி என் கைமேல் படிந்தன. பிறகு பக்கத்தில் விழுந்தன. என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். தூங்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் கதவின் கொண்டி படபடவென்று அடித்துக்கொண்டது. வாளித் தண்ணீர் நடுங்கியது. நான் உட்கார்ந்திருந்த இடமே வழுக்கியது போலிருந்தது. நான் பார்த்தது பிள்ளையின் கைகளைத்தான். அவை கிடந்தபடியே கிடந்தன. ஒரு விரல்கூட அசையவில்லை.

தெருவில் கடைக்காரரின் குரல் கேட்டது. "அண்ணே, வெளிய வாங்க. இது நெசம்."

அப்போதுதான் எழுந்தேன். மனைவியை எழுப்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். தெருவே வெளியில் நின்றது. ஆட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டே இருந்தான். கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஏதாவது வந்தால் அவன் எனக்குச் சொல்லுவான் என்று அதுவரை நம்பியிருந்தேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. இனி நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே வந்து பின்பக்கம், முதுகு, தலை என்று கிடத்தினேன். கைகள் ஒருமுறை விரிந்து அடங்கின.

"தூங்கிட்டான், கைய எடுங்க" என்றாள் மனைவி.

"எடுக்கிறேன்" என்றேன். கொண்டியைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.