டோர்காவ் சிறை வாசலில் அக்கா சொன்ன பெயர்

இந்த வலைப்பூவில் இதுவரை அரண்மனை, அருவி, கிறிஸ்துமஸ் சந்தை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். போன மாதம், 2008 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, போன இடம் அந்த வரிசையில் சேராது. மனசு லேசாக வேண்டும் என்று வந்தவர்கள் என் ரைன் நதிப் படகுப் பயணத்தைப் படிக்கப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இடம் டோர்காவ். கிழக்கு ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். இரண்டாம் உலகப்போரில் படையில் சேர மாட்டேன் என்றவர்களையும் படையைவிட்டு ஓடியவர்களையும் அடைத்துவைத்த ராணுவச் சிறைகள் அங்கே இருந்தன. அவர்களுக்குத் தீர்ப்பு எழுதிய ராணுவ உச்ச நீதிமன்றமும் போரின் பிற்பகுதியில் பெர்லினிலிருந்து அங்கேதான் இடம்பெயர்ந்தது.

போக வேண்டும் என்று சொன்னது நான் இல்லை. வால்டோர்ஃபில் வேலையிலிருந்த என்னை ஒரு பிராஜெக்டுக்காக டோர்ட்மண்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மாடி அறையை வாடகைக்கு விட்டவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. ஜெர்மனிக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. பெயர் போட வேண்டாம் என்றதால் இங்கே அவர் வெறும் அக்கா. டிவியில் டோர்காவைப் பற்றி ஏதோ பார்த்துவிட்டு மறுநாள் என் கதவைத் தட்டினார்.

"தம்பி, நீங்கள் சனி ஞாயிறெண்டால் ஊர் சுத்துறனீங்கள்தானே. இந்த இடத்துக்கு என்னையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போவீங்களோ?"

"அங்க பார்க்க என்னக்கா இருக்கு?"

"சண்டைக்கு வரமாட்டன் எண்ட ஆக்களுக்கு இவையள் எங்கை விளக்கு வைக்கினம் எண்டு பாக்கவேணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்றேன். புது ஊர் என்றால் யோசிக்காமல் சரி சொல்லும் வியாதி எனக்கு உண்டு.

டோர்ட்மண்டிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். ஏ2 சாலையில் மக்டபுர்க் வரை, பிறகு ஏ14, கடைசியாக லைப்சிக் பக்கத்திலிருந்து சாதாரண நெடுஞ்சாலை. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி, பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். என் பழைய காருக்குப் போகவர பெட்ரோல் நூற்றுப் பத்து யூரோ ஆயிற்று. சாப்பாட்டுச் செலவு இல்லை. அக்கா புட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஹனோவர் தாண்டியதும்தான் அக்கா பேச ஆரம்பித்தார். அவருக்கு ஒரு தம்பி இருந்தான். பத்தொன்பது வயதில், வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று இயக்கத்துக்காரர்கள் வந்து நின்றபோது, ஆளைக் கொல்ல என்னால் முடியாது, துவக்கைத் தொடமாட்டேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். பிடித்துக்கொண்டு போய் ஒரு முகாமில் அடைத்தார்கள். அதோடு சரி. எந்த இயக்கம் என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"செத்த நாள் தெரிஞ்சால்தானே திவசம் குடுக்கலாம். அதுவும் இல்லை," என்றார்.

டோர்ட்மண்ட் வீட்டில் அவன் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாராம். ஒருமுறை வீட்டுக்கு வந்த ஊர்க்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "போராளியோ அக்கா? பெயரைத் தாங்கோ, நினைவுநாளுக்கு மண்டபத்திலை படம் வைப்பம்," என்று கேட்டிருக்கிறார்கள். மாலை, விளக்கு, நூற்றுக்கணக்கானவர்களின் வணக்கம். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் கிடைத்திருக்கும்.

"அவன் துவக்குத் தூக்கமாட்டன் எண்டுதானே போனவன், தம்பி. அவனைக் கொண்டுபோய் அங்கை எப்பிடி வைக்கிறது? உண்மையைச் சொல்லவும் பயம். ஆரோ சொந்தக்காரப் பொடியன் எண்டு சொல்லிப்போட்டன்."

அன்றே படத்தைக் கழற்றி அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தவர், பிறகு வெளியே எடுக்கவில்லை. நான் ரேடியோவை நிறுத்தினேன்.

டோர்காவில் முதலில் ஆற்றங்கரை அரண்மனைக்குப் போனோம். அகழியில் கரடிகள் வளர்க்கிறார்கள். வருகிற குடும்பமெல்லாம் கரடி பார்க்கத்தான் வருகிறது. கரையில், போர் முடியும் தறுவாயில் அமெரிக்க, ரஷ்யப் படைகள் கை குலுக்கியதற்குப் பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்த ராணுவச் சிறைகளைப் பற்றிய கண்காட்சி அரண்மனைக்குள் இருந்தது. நாங்கள் போனபோது கட்டணம் வாங்கவில்லை, எங்களைத் தவிர யாரும் இல்லை.

படையில் சேர மறுத்தவர்களில் பலர் ஒரு சிறிய மதப்பிரிவைச் சேர்ந்த எளிய மனிதர்கள். விவசாயி, தச்சர், தையல்காரர். கையெழுத்துப் போட்டுச் சீருடையை வாங்கிக்கொள், உயிர் பிழைப்பாய் என்று அதிகாரிகள் கடைசிவரை கேட்டிருக்கிறார்கள். மாட்டேன் என்றவர்களைச் சுட்டார்கள், அல்லது வேறு ஊருக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். பொறுப்பிலிருந்த ஜெர்மன் பெண்மணியிடம் அக்கா நீண்ட நேரம் பேசினார். என் ஜெர்மன் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான் என்பதால் எனக்குத் தமிழில் சொன்னார்.

"செத்தவையின்ரை வீட்டு ஆக்கள் உடம்பைக் கேட்டவையாம். கனபேருக்குக் குடுக்கேல்லையாம். சண்டை முடிஞ்ச பிறகும் அயலட்டைச் சனம் கோழையின்ரை பெண்சாதி எண்டுதானாம் சொன்னது. தீர்ப்புப் பிழை எண்டு அரசாங்கம் சொன்னதே இப்ப கொஞ்ச வருசத்துக்கு முந்தித்தானாம்."

வெளியே வரும்போது, "எங்களுக்கும் அறுபது வருசம் எண்டால் எங்கடை அம்மா இருக்கமாட்டா," என்றார். நானும் இருக்கமாட்டேன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

சிறையாக இருந்த கோட்டை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். என் முட்டாள்தனம் இங்கேதான். கோட்டை என்றால் நம் ஊரில் டிக்கெட் கவுண்டரும் இளநீர்க் கடையும் இருக்கும். அந்த நினைப்பில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனேன். உயர்ந்த மதில், முள்கம்பி, நாலாபுறமும் கேமரா. அது இன்றைக்கும் சிறை. வெளியே பெஞ்சில், கணவனைப் பார்க்க வந்த ஒரு ஜெர்மன் பெண் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த காவலர் என் கேமராவை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, அக்காவைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார், அந்த அளவுக்கு எனக்கும் புரிந்தது. யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்? டெர்மின், அதாவது பார்க்க நேரம், வாங்கியிருக்கிறீர்களா?

தவறாக வந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அக்கா தம்பியின் பெயரைச் சொன்னார். அப்பா பெயரோடு சேர்த்து, முழுதாக, நிறுத்தி நிதானமாக.

காவலருக்குப் பிடிபடவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னார். அக்கா சொன்னார். அவர் கணினியில் தட்டித் தேடிப் பார்த்துவிட்டு, வருந்துகிறேன், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்.

அக்கா தலையாட்டிவிட்டு வந்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பையை நகர்த்தி இடம் விட்டாள்.

"முகாம் வாசலிலையும் இதைத்தான் தம்பி கேட்டவங்கள். ஆரைப் பாக்க வந்தனீங்கள் எண்டு. நானும் அம்மாவும் ஒவ்வொரு நாளும் பெயரைச் சொல்லுவம். அப்பிடி ஒருத்தன் இஞ்சை இல்லை எண்டுவாங்கள். அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் அவன்ரை பெயரை வெளியிலை சொல்லியிருக்கிறன்."

அப்போதுதான் அவர் கைப்பையிலிருந்த மண்சிட்டியை, நாம் அகல் என்போமே அதை, பார்த்தேன். திரியும் எண்ணெயும்கூடக் கொண்டு வந்திருந்தார். மதிலோரம் ஏற்றலாமா என்று காவலரிடம் கேட்டோம். இங்கே நெருப்புக்கு அனுமதி இல்லை என்றார். அவர் மேல் தப்பில்லை, ஆனாலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுத்தவர்களுக்கு அங்கே ஒரு நினைவிடம் கட்டுவது பற்றிப் பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். யாரை எப்படி நினைப்பது என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை என்று அரண்மனையில் சொன்னார்கள். அக்கா சிட்டியை டிஷ்யூவில் சுற்றிப் பைக்குள் வைத்தார். இரவு எட்டரைக்கு டோர்ட்மண்டில் இருந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: அரண்மனைக் கண்காட்சி திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே எல்லாம் ஜெர்மனில் இருப்பதால், படித்துச் சொல்ல ஆள் இருந்தால் நல்லது. கோட்டையைத் தெருவிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கேமராவை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கரடியை மட்டும் காட்டித் திருப்பிக் கூட்டி வந்துவிடலாம்.

இந்தக் கட்டுரையின் முதல் வடிவில் அந்தப் பெயரை எழுதியிருந்தேன். அக்காவே போடச் சொன்னார். "ஒரு இடத்திலையாவது இருக்கட்டும், தம்பி," என்றார். நேற்றுக் காலை, வேலைக்குப் போகும் வழியில் மாடிக்கு ஏறி வந்தார்.

"அதை எடுத்துப்போடுங்கோ. அம்மா இன்னும் அங்கைதான் இருக்கிறா. ஆர் வாசிப்பினம் எண்டு தெரியாது."

எடுத்துவிட்டேன். இந்த நாட்டில் அந்தப் பெயரை அக்கா வாயிலிருந்து கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் அந்தக் காவலர் அன்றைக்கே மறந்திருப்பார்.