காயத்தை விசாரித்த ரூபவதி டாக்டர்

ரூபவதி டாக்டர் காலமாகிவிட்டார் என்று ராயபுரத்திலிருந்து எங்கள் பழைய ஆஸ்பத்திரி ஆயா வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. யார் சொன்னது, யார் பார்த்தது என்று துருவிக் கேட்டேன். அவரிடம் நர்ஸாக வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

டாக்டர் எதையும் லேசில் நம்பமாட்டார். அழுதுகொண்டு வருபவரை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகிப்பார்.

ஒருமுறை எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து செல்வி என்ற ஐந்து வயதுக் குழந்தையை அவளுடைய அத்தை தூக்கி வந்தாள். கால், முதுகெல்லாம் கன்றி நீலம் பாரித்திருந்தது.

"சித்திக்காரி அடிச்சிக்கினே கீறாம்மா. அண்ணன் கடலுக்குப் போய்ட்டா கேக்க ஆளில்ல."

பின்னால் நின்ற சித்தி காசியம்மாள், குழந்தையின் அப்பா இரண்டாவதாகக் கட்டியவள், தலை நிமிரவில்லை. "நான் கை வெச்சதில்லம்மா. தூக்குனாலே கன்னிப்பூடுது," என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் இருவரையும் நம்பவில்லை. குழந்தையை வார்டில் சேர்த்து, இருவரையுமே உள்ளே விடக் கூடாது என்றார். செல்வி சித்தியைக் கேட்டுத்தான் அழுதாள். அதையும் அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

வார்டிலும் புதுக் காயங்கள் வந்தன. ஊசி போட நான் பிடித்த கையில் என் விரல்கள் நீலமாகப் பதிந்தன. டாக்டர் என்னையும் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு குழந்தையின் தோலில் இருந்த சிவப்புப் புள்ளிகளை அழுத்தினார், அவை மறையவில்லை. ஈறில் ரத்தம் கசிந்தது, கழுத்தில் நெறி கட்டியிருந்தது. முகம் வெளுத்துக்கொண்டே போனது, காய்ச்சலும் விடவில்லை. சோதித்ததில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அன்று அதற்கு மருந்தில்லை.

அதற்குள் குப்பத்துப் பெரியவர்கள் காசியம்மாளைத் தாய்வீட்டுக்கு விரட்டிவிட முடிவு செய்திருந்தார்கள். டாக்டர் என்னையும் அழைத்துக்கொண்டு நேரே குப்பத்துக்குப் போனார்.

"குழந்தையை அடிச்சது நோய். அவளை என்னால காப்பாத்த முடியாது. இவளையாவது விட்டுடுங்க."

மீன் கொடுத்து டாக்டரம்மாவை மடக்கிவிட்டாளா என்று ஒருவர் கேட்டார். டாக்டர் கோபப்படவில்லை. நீயே வந்து குழந்தையோடு இருந்து பார் என்று அத்தையிடம் சொன்னார். மறுநாள் அத்தை வார்டுக்கு வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் தன் கை அணைத்த இடம் கன்றியிருப்பதைக் கண்டாள். காசியம்மாள் அடிக்கவில்லை என்று குப்பத்தில் போய் அவளே சொன்னாள்.

கடைசி நாட்களில் செல்வி காசியம்மாளின் மடியை விட்டு இறங்கவில்லை. அங்கேயே குழந்தையின் மூச்சு அடங்கியது.

சித்தியைச் சந்தேகித்திருக்க வேண்டாமோ என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். "சந்தேகப்பட்டது தப்பில்ல. அதோட நின்னுருந்தா தப்பு," என்றார்.

காயத்தோடு ஒரு குழந்தை வந்தால், இன்று நானும் முதலில் கழுத்தைத் தடவி, ஈறைப் பார்க்கிறேன். கூட வந்தவர்களின் முகத்தை அதற்குப் பிறகே பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இந்த வரிசைதான்.