டாயில் பிடித்துக் கொடுத்த மீன்கள்

டாயில் ஸ்ப்ரேபெரியின் சட்டை முழுக்கத் தூண்டில் கம்பெனிகளின் பெயர்ப்பட்டைகள் இருக்கும். அவற்றை அவனே கடையில் வாங்கித் தன் அக்காவிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டான். எந்தக் கம்பெனியும் அவனுக்கு ஒரு தொப்பிகூட இனாமாகக் கொடுத்ததில்லை. அலபாமாவின் வடக்கில், எங்கள் ஏரியில் படகு இறக்கும் சரிவுக்கு எதிரே நான் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். டாயில் காலையில் அங்கே வந்து உட்கார்ந்ததும், பட்டைகள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான்.

காலுறை மில்லை மூடியபோது அவனோடு வேலை பார்த்தவர்கள் கோழி அறுக்கும் ஆலைக்கும் டயர் கடைக்கும் போனார்கள். டாயில் போகவில்லை. "இது கோழி அறுக்கிற கை இல்ல மிஸ் ட்வைலா" என்று என்னிடமே கையை விரித்துக் காட்டினான். கடனுக்கு ஒரு படகு வாங்கி, வெளியூர்க்காரர்களை மீன் பிடிக்க அழைத்துப் போகும் வழிகாட்டி ஆகிவிட்டான்.

மீனுக்கு இரையாகப் போடும் ரப்பர் புழுவை முள்ளில் கோர்ப்பதில் அவன் கை சுத்தம். அதை மட்டும் மறுக்க மாட்டேன். தூண்டில் நரம்பில் ஈயக்குண்டை விட்டு, முள்ளைக் கட்டி, புழுவின் தலையில் முள்ளை நுழைத்து உடனே வெளியே எடுப்பான். முள்ளைத் திருப்பி, அதன் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைப்பான். புழு நூல் பிடித்த மாதிரி நேராகத் தொங்கும், பாசியில் சிக்காது. அதோடு சரி, அவனிடம் இருந்த நல்லது முடிந்தது.

பாடம் என்னவோ நன்றாகத்தான் எடுப்பான். "புழு அடியில போய்ப் படுக்கட்டும். கோலை மெதுவா தூக்கு, திரும்ப விடு. பாஸ் மீன் வாயில வச்சா விரல்ல டொக் டொக்குன்னு தட்டும். நரம்பைக் கொஞ்சம் தளர விட்டு, அப்புறம் ஓங்கி இழு." ஆனால் அந்த டொக் டொக் வந்த நொடியே, "இங்க குடு, நீ விட்டுருவ" என்று கோலைப் பிடுங்கி அவனே இழுப்பான். மீனைப் படகில் போட்டு, வந்தவர் கையில் திணித்து, போட்டோ எடுப்பான். அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து என் கடைச்சுவரில் ஒட்டுவார்கள். வங்கி மேனேஜர், பல் டாக்டர், பாப்டிஸ்ட் சபை பாஸ்டர் ஹாலிஸ் பீவர்ஸ் என்று சுவர் முழுக்க இளித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் ஒருபடி மேலே போய், அந்த மீனோடு தான் போராடிய கதையை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் வேறு சொன்னார்.

கேட்ஸ்டனிலிருந்து ரமோனா கிளெக் என்றொரு அம்மாள் வந்தார். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் முதல் ஆசையாக, ரப்பர் புழுவில் ஒரு பாஸ் மீன் பிடிக்க வேண்டும் என்று டாயிலை அமர்த்திக்கொண்டார். மதியத்துக்கு முன்பே படகு திரும்பிவிட்டது. அந்த அம்மாள் விறுவிறுவென்று என் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே டாயில், இடுப்புவரை நனைந்து.

"என் கோல் ஏரியில கிடக்கு. இந்தம்மா என்னைத் தண்ணியில தள்ளிவிட்டுட்டாங்க" என்றான்.

"தள்ளலை, விட்டேன்" என்றார் ரமோனா. "ரெண்டு தடவை என் கையிலிருந்து பிடுங்கினீங்க. மூணாவது தடவை விட மாட்டேன்னு சொன்னேன். இழுத்தீங்க, நானும் இழுத்தேன். அப்புறம் எனக்கு அலுத்துப்போச்சு, கோலை விட்டுட்டேன்."

"கண்ணு, அது பெரிய மீன். உங்களால முடியாதுன்னுதான்..."

"நாப்பது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு மழையில மலை இறங்கினவ நான். என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதீங்க." என் பக்கம் திரும்பினார். "சுவத்துல இருக்கிறவங்க எல்லாரும் இவர் கூடப் போனவங்களா?"

"ஆமா" என்றேன்.

"அப்போ இதுல யார் மீன் பிடிச்சாங்க?"

அன்றைக்குக் கடையில் கூட்டம். பல் டாக்டர் தன் தட்டிலிருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வங்கி மேனேஜர் பர்ஸை எடுத்துச் சில்லறை எண்ண ஆரம்பித்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை பேரும் ஒரே பொய்யைத் தனித்தனியாகப் பொத்தி வைத்திருந்திருக்கிறார்கள்.

அடுத்த சில நாட்களில் போட்டோக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பாஸ்டர் காபி வாங்குகிற சாக்கில் வந்து, தன்னுடையதை எடுத்துக் கோட்டுப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். சுவரில் கோந்துத் தடம்தான் மிச்சம். டாயில் இனிமேல் கோழி அறுக்கத்தான் போக வேண்டும் என்று நினைத்தேன்.

நினைப்பு தப்பு. வசந்தம் வந்ததும் அவன் படகில் ஒரு நாள்கூட இடமில்லை. பாஸ்டரே தன் மச்சானை அழைத்துக்கொண்டு போனார்.

"அவன் பிடுங்குவான்னு தெரியும்ல பாஸ்டர்?" என்று கேட்டேன்.

"தெரியும் மிஸ் ட்வைலா. ஆனா மச்சான் ஒஹாயோவிலிருந்து வந்தவரு, வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?"

இவர்களுக்கு வேண்டியது மீன் இல்லை, போட்டோதான். அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு டாயிலுக்கு மூளை இருந்தது. அதற்கு மேல் இல்லை.

ரமோனாவும் அந்த வசந்தத்தில் வந்தார். ஒரு தட்டைப்படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாகவே போனார். முதல் தடவை பாசியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை வந்து உட்கார்ந்தபோது கன்னமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது.

"தட்டுச்சு" என்றார். "நரம்பைத் தளர விட்டேன். ஓங்கி இழுத்தேன். ஒரு சுத்து சுத்திட்டுப் போயிருச்சு. அப்பப்பா, என்ன கனம்."

பக்கத்து மேசையில் இருந்த டாயில் சிரித்தான். "நான் இருந்திருந்தா இந்நேரம் படகுல கிடக்கும்."

"கிடக்கும்" என்றார் ரமோனா. மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியின் மேல் வெள்ளைக் குழம்பை ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தார். என்னிடம் மட்டும், எந்தத் துறைக்குப் பக்கத்தில், எந்த மரக்கட்டை ஓரத்தில் அது தட்டியது என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஏதாவது சொல்வார் என்று டாயில் கொஞ்ச நேரம் காத்திருந்தான். வெளியே படகுச் சரிவில் ஹண்ட்ஸ்வில்காரர்கள் இரண்டு பேர் காமிராவோடு அவனுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, பட்டைகளைத் தடவிச் சரிசெய்துகொண்டு அவர்களிடம் போனான்.