பலகையில் உட்காரக் கூடாது

மாத்திரைகளைத் தட்டில் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவது என் வேலை. கடலோர ஊர் ஒன்றின் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மருந்தாளுநராக இருக்கிறேன். எண்ணும் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். மாத்திரை எண்ணி எண்ணி வந்த கிறுக்கு என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கும் தெரியும், அது மாத்திரையால் வந்ததல்ல. ஓர் ஆடி மாதக் காலையில், கரைக்கு வந்த படகில் ஆறு தலைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தை எண்ணினேன். அன்றிலிருந்து வந்தது.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். மிளகாய்க் காடும் ஆடும்தான் எனக்குத் தெரிந்தவை. எங்கள் கண்மாய் நிறைந்த வருடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறகு நீச்சல் எங்கே கற்றுக்கொள்வது? வேலை கிடைத்துத் தொண்டிக்குத் தெற்கே இந்த ஊருக்கு வந்தபோது, கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்த ஆள் நான். என் மகன் இங்கேயே பிறந்தான். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போனான். நீந்தக் கற்றுக்கொண்டதை எனக்குத் தெரியாமல் இரண்டு வருடம் மறைத்து வைத்திருந்தான்.

கோயில் திருவிழாவையொட்டி இங்கே வருடா வருடம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். பிழைப்புக்கு எல்லோரிடமும் இன்ஜின் படகு இருக்கிறது. போட்டிக்கு மட்டும் பாய் கட்டுவார்கள். ஒரு படகில் ஆறு பேர். கடலுக்குள் தொலைவில் ஒரு படகைக் கொடியோடு நிறுத்தியிருப்பார்கள். அதைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். பாய் பெரியது, படகு ஒடுங்கலானது. காற்று ஓங்கினால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதைச் சமாளிக்க இரண்டு வழி. ஈர மணல் மூட்டைகளை அடியில் போட்டு, படகு திரும்பும்போதெல்லாம் காற்று வரும் பக்கத்துக்கு இழுத்துப் போடுவார்கள். இன்னொன்று பலகை. படகுக்குக் குறுக்கே நீளமான பலகையைக் கட்டி, அதன் நுனியில், படகுக்கு வெளியே, கடலுக்கு மேலே இரண்டு பேர் உட்கார்ந்து பின்னால் சாய்வார்கள். முதுகை அலை தொடும்.

அந்தப் பலகையிலிருந்து விழுந்தவர்களுக்கு வருடா வருடம் கட்டுப் போட்டவன் நான். கயிறு அறுத்த உள்ளங்கை, பாய்க்கழி அடித்த மண்டை, விலாவில் வீக்கம். ஒருமுறை டாக்டர் நாலு தையல் போட்டு முடித்ததும் அந்த ஆள் என்னிடம் கேட்டார்:

"மருந்து சார், இந்தத் தையல் நாளைக்கு உப்புத் தண்ணி பட்டாப் பிரியுமா?"

"நாளைக்கு எதுக்குய்யா கடலுக்குப் போறீரு?"

"பக்கத்து ஊர்லயும் போட்டி இருக்குல்ல."

"ஜெயிச்சா என்ன தருவாக?"

"ஒரு அண்டா தருவாக சார். வீட்ல ஏற்கெனவே மூணு கெடக்கு. பொண்டாட்டி கோழி அடைக்கிறா."

இன்ஜின் இருக்கும்போது இது எதற்கு என்று நான் கேட்காத ஆளில்லை. சிரிப்பார்களே தவிர யாரும் பதில் சொன்னதில்லை.

என் மகன் ராமநாதபுரத்தில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இந்த வருசம் நானும் போட்டிக்குப் போறேம்ப்பா" என்றான். என் மனைவி ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நாள் வீட்டில் சண்டை. நாலாம் நாள் நான் படகுக்காரரைப் பார்க்கப் போனேன். கரையில் படகுச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். இவர் என் வயதுக்காரர், சர்க்கரை வியாதிக்கு மாதாமாதம் என்னிடம் மாத்திரை வாங்குகிறவர்.

"அவன் வரட்டும் சம்மாட்டி. ஆனா ஒரு கண்டிஷன். பலகையில மட்டும் உட்காரக் கூடாது. உள்ளயே இருக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உள்ளன்னா, மூட்டை இழுக்கிற வேலைதான் சார் இருக்கு."

"அது போதும்."

"நெசமாவா சொல்றீக?"

"நெசமாத்தான்."

"சரி, நீங்க சொன்னாச் சரி," என்றார். சாமர்த்தியமாக ஏற்பாடு செய்துவிட்டேன் என்று வீடு வரைக்கும் நிம்மதியாக நடந்தேன். மனைவியிடமும் பெருமையாகச் சொன்னேன்.

போட்டியன்று காலை கச்சான் காற்று நன்றாக வீசியது. அது கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் மேற்குக் காற்று. பதினைந்து, பதினாறு படகுகள் ஒரே நேரத்தில் பாய் விரித்துப் போனதைப் பார்த்தபோது, மகன் உள்ளே பத்திரமாக இருக்கிறான் என்ற தைரியத்தில் நானும் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினேன். அவை கொடியைச் சுற்றித் திரும்பிய சமயம் காற்று விழுந்துவிட்டது. கரையில் பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். தொலைவில் பாய்கள் தொங்கிப்போய்த் தெரிந்தன. பிறகு ஒன்றிரண்டு மெதுவாக நகர ஆரம்பித்தன. எங்கள் சம்மாட்டியின் மஞ்சள் பாய் இரண்டாவதாக வந்தது. ஒரே கூச்சல். பட்டாசு வெடித்தார்கள்.

நான் எண்ணினேன். ஐந்து.

மறுபடி எண்ணினேன். ஐந்துதான். தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கிப் போய்ச் சம்மாட்டியின் கையைப் பிடித்தேன்.

"எம் மகன் எங்கய்யா?"

"பின்னால வர்ற படகுல வாராப்ல சார். அங்கன இறங்கிட்டாப்ல."

"இறங்கிட்டானா? எங்க இறங்குனான்?"

"கடல்லதான்."

அப்போதுதான் எனக்கு அந்த வழக்கம் தெரிந்தது. இருபது வருடம் கட்டுப் போட்டிருக்கிறேன், இதை ஒருவரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்? காற்று விழுந்தால் படகின் பாரத்தைக் குறைக்க வேண்டும். முதலில் மூட்டைகளை அவிழ்த்து மணலைக் கொட்டுவார்கள். அப்படியும் நகராவிட்டால் ஓர் ஆள் குதிப்பார். பின்னால் வரும் இன்ஜின் படகு அவரை எடுத்துக்கொள்ளும். எத்தனை பேர் ஏறினார்கள் என்று பார்ப்பார்களே தவிர, எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று அந்தப் போட்டியில் யாரும் பார்ப்பதில்லை.

"ஏன் சம்மாட்டி எம் மகன்?"

அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "சார், பாய்க்கு ஆள் வேணும், சுக்கானுக்கு ஆள் வேணும். காத்து திரும்ப வந்தாப் பலகைக்கு ஆள் வேணும். மணலக் கொட்டுன பெறகு மூட்டை இழுக்கிறவருக்கு என்ன வேலை? அன்னைக்கே நான் நெசமாவான்னு கேட்டேன். பலகை வேணாம்னு நீங்கதான சொன்னீக?"

பின்படகு வந்தது. அதில் மூன்று பேர் இருந்தார்கள். மூவருமே கவிழ்ந்துபோன வேறொரு படகின் ஆட்கள். அந்தக் கவிழ்ந்த படகைப் பார்த்துத்தான் பின்படகு அப்படியே திரும்பிப் போயிருக்கிறது. என் மகன் குதித்ததை அதிலிருந்த யாரும் பார்க்கவில்லை.

பட்டாசு நின்றது. நான்கு இன்ஜின் படகுகள் பாய்ந்து போயின. நான் ஏறப்போனபோது, நீச்சல் தெரியாதவரை ஏற்றினால் உங்களையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும் என்று இறக்கிவிட்டார்கள். காற்று திரும்பவும் எழும்பியது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று என்று சொன்னேனல்லவா, மிதக்கிற எதையும் அது உள்ளேதான் தள்ளும். என் மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் கண்ணுக்கு எதிரே கிடந்த செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றேகால் மணி நேரம்.

நண்டு வலைக்கு அடையாளமாகத் தெர்மாக்கோலில் கொடி செருகி மிதக்க விட்டிருப்பார்கள். அப்படி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி இருந்தானாம். படகு கரை தட்டியபோது உதடு வெளுத்து, கழுத்து வெயிலில் சிவந்து, கையில் சொறி பட்ட தடிப்புகளோடு இறங்கினான். சொறி என்பது வழுவழுவென்று மிதந்து வரும் ஜெல்லி மீன், பட்டால் நெருப்பு. இறங்கியவன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"எத்தனாவதுப்பா வந்தோம்?"

"ரெண்டாவது," என்றேன்.

அப்புறம்தான் அவனை அறைந்தேன். அறைந்த கையாலேயே கட்டிக்கொண்டேன். அந்த நேரத்திலும் இரண்டாவது என்பதை எப்படி நினைவில் வைத்திருந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டில் அவன் கைக்கு மருந்து தடவினேன். அவசரத்தில் ரோஸ் நிற மருந்து கோரைப்பாய் முழுக்கக் கொட்டியது.

"பயமா இல்லையாடா?"

"இருந்துச்சுப்பா. நிறையா இருந்துச்சு."

"அப்ப ஏன்டா குதிச்ச? புடிச்சுத் தள்ளுனாங்களா?"

"யாரும் எதுவுமே சொல்லல. ஆறு பேரும் சும்மா இருந்தோம். நாந்தான்னு எனக்கே தெரிஞ்சிருச்சு." கொஞ்சம் யோசித்தான். "நான் இறங்குனதும் படகு ஒரு விரக்கடை எந்திரிச்சுச்சுப்பா. அசையாமக் கெடந்தது கெளம்பிருச்சு. தண்ணிக்குள்ள இருந்து பாத்தேன். நான் இறங்குனதாலதான் போகுதுன்னு கண்ணால பாத்தேன். அது போதும்போல இருந்துச்சு."

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "எங்க வீட்டுப் பக்கம் இப்படிக் கிறுக்குப் புடிச்சவுக யாரும் கிடையாது. உங்க பக்கம்தான் யாரோ இருந்திருக்காக."

நான் வேட்டியைச் சற்று உயர்த்தி, கெண்டைக்கால் தழும்பைக் காட்டினேன். அது ஏர்க்கொழு குத்தியது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வந்திருந்தேன். உண்மையில் சாயல்குடிப் பாதையில் நடந்த மாட்டுவண்டிப் பந்தயம். எழுபத்து நாலோ ஐந்தோ, எனக்கு இருபது வயது. காளைகளோடு சேர்ந்து ஓடி, அவை வேகம் பிடித்ததும் ஓடுகிற வண்டியில் பின்னால் தாவி ஏற வேண்டிய ஆள் நான். இரண்டு முறை ஏறினேன். மூன்றாவது முறை சக்கரம் காலில் ஏறியது. எங்கள் அய்யா ஏன்டா என்று கேட்டபோது, நானும் சிரித்திருக்கிறேன். கால் தரையை விட்டும் வண்டியைத் தொடாமலும் இருந்த அந்த ஒரு நொடியை அவரிடம் எப்படிச் சொல்வது? பள்ளியில் படித்த தமிழெல்லாம் அதற்குப் போதவில்லை.

"இத்தன வருசமா ஏர்க்கொழுன்னு சொன்னீகளே!" என்றாள் மனைவி. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டில் அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான்.

அடுத்த ஆடி வந்தது. அவன் கேட்கவில்லை, சும்மா சுற்றிச் சுற்றி வந்தான். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் நின்றிருப்பான். அந்தச் சொல்லைப் பத்து நாள் வாயில் வைத்திருந்தேன். பிறகு சம்மாட்டியிடம் போனேன்.

"இந்த வருசமும் ஒரு கண்டிஷன் சம்மாட்டி."

"வேணாம் சார், உங்க கண்டிஷனே வேணாம்," என்று கும்பிட்டார்.

"அவனப் பலகையில உக்கார வைங்க. கடைசி வரைக்கும் வேணுங்கிற ஆளா இருக்கட்டும். அப்புறம், பின்படகுல நானும் வாரேன்."

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே!"

"எண்ணத் தெரியும்."

ஊர்க்கூட்டத்தில் கொஞ்சம் சிரித்தார்கள், ஆனால் ஒப்புக்கொண்டார்கள். இறங்கின ஆள் ஏறுகிற வரைக்கும் பின்படகு வேறெங்கும் திரும்பக் கூடாது, கவிழ்ந்த படகுக்கு இன்னொரு படகு போகும் என்று முடிவானது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும் முதலுதவிப் பெட்டியுமாக நான் ஏறினேன். கரை மறைவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். காற்று கொஞ்ச நேரம் விழுந்தது. மூன்று படகுகளிலிருந்து மூன்று பேர் குதித்தார்கள். மூவரையும் கை கொடுத்துத் தூக்கினோம். அதில் ஒருவர் பழைய நாலு தையல்காரர். ஈரத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "மருந்து சார், சரியா எண்ணிட்டீகளா? என்னைய ரெண்டாப் போட்டுறாதீக, வீட்ல ஒண்ணுக்கே சோறு இல்லங்கிறா," என்றார்.

அப்போது காற்று திரும்ப எழும்பி, மஞ்சள் பாய் எங்களைக் கடந்தது. பலகை நுனியில் என் மகன். கால் இரண்டும் படகுப் பக்கம், உடம்பு முழுக்கக் கடலுக்கு மேலே, முதுகை நீர் அறைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பாய் இன்னும் சாய்வதைப் பார்த்தேன். அவன் போதுமான அளவு சாயவில்லை என்பதும் தெரிந்தது.

"இன்னும் பின்னால சாயிடா, ஏலே!" என்று கத்தினேன்.

பின்படகில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சாய்ந்தான்.

ஆறு பேரோடு கரை சேர்ந்தார்கள். நாலாவது இடம், அண்டா இல்லை. வேலைக்குப் போன பிறகும் ஒவ்வோர் ஆடிக்கும் லீவு போட்டு வருகிறான். நானும் மிதவைச் சட்டையைத் துவைத்துக் காயப் போட்டு வைக்கிறேன். பயம் போய்விடவில்லை, அது என்னோடு படகில் ஏறி, என் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறது. பின்படகில் போன முதல் வருடம் நான் வீடு திரும்பியபோது என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். நான் எண்ணுவதற்கு முன்பே அவள் செருப்புகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"கடல்ல நின்னு என்னமோ கத்துனீகளாமே? கரை முழுக்க அதையே பேசிக்கிறாக."