ஜன்னலோரத்தில் பார்த்த பல்

தையற்கடைக்காரம்மாவுக்குத் தெருவில் 'பல்லுக்கத்திரி' என்று பெயர். மேஜையில் கத்திரிக்கோல் இருக்கும்; ஆனாலும் முப்பது வருஷமாக நூலை முன்பல்லால் கடித்துத்தான் அறுப்பார். கத்திரியை எடுத்து வைக்கிற நேரத்தில் இன்னொரு பொத்தான் தைத்துவிடலாம் என்பார்.

ஒரு நாள் பள்ளிக்கூடப் பை ஒன்றுக்கு வார் தைத்துவிட்டுத் தடித்த நூலைக் கடித்தார். நூல் அறவில்லை. பல்தான் பாதி உடைந்து உள்ளங்கையில் விழுந்தது.

அன்றோடு கடையில் சிரிப்பு நின்றுபோயிற்று. அளவெடுக்கும்போதுகூட ஒரு கை வாயைப் பொத்தியிருக்கும். "அம்மாவுக்கு நம்ம மேல ஏதோ கோபம் போல" என்று வாடிக்கைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேருந்து ஓட்டுநரான கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, பத்தாம் நாள் அவரைக் கையோடு பல் மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

மருத்துவருக்கு மகள் வயதுதான் இருக்கும். வேர் சிகிச்சை செய்தார். மிச்சப் பல்லைச் சுற்றிலும் சீவி அச்செடுத்தார். "இதுக்கு மேல தொப்பி மாதிரி ஒரு உறை போட்டுடலாம்மா. பத்து நாள்ல வந்துடும்."

சொன்னபடி வந்தது. ஒட்டுவதற்கு முன் பொருத்தி, விளக்கைத் திருப்பிப் பார்த்த மருத்துவருக்குப் பரம திருப்தி. தையற்காரம்மாவோ கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டார்.

"கோச்சுக்காதீங்க டாக்டர். வெள்ளை கொஞ்சம் தூக்கலா இருக்கு. பக்கத்துப் பல்லுல லேசா மஞ்சள் ஓடுது பாருங்க. அதுவும் ஈறு பக்கம்தான், நுனியில இல்ல."

"லைட்டுல சரியாத்தானேம்மா இருந்துச்சு?"

"லைட்டை நம்பி நான் நூல் எடுத்தா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். இங்க வந்து பாருங்களேன்."

மருத்துவர் வந்தார், குனிந்து பார்த்தார். "அட, ஆமா!"

மாதிரிப் பற்களின் வரிசையை எடுத்துவந்து, சட்டைக்குப் பொத்தான் தேடுவதுபோல இருவரும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒன்றைக் கண்டதும் ஒரே குரலில் "இதுதான்" என்றார்கள். உறை திரும்பிப் போய், ஒரு வாரம் கழித்துப் புதிதாக வந்தது. ஒட்டி முடித்து, "நூல் கடிக்கிறது இன்னையோட சரி" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார் மருத்துவர்.

வாசலில் காத்திருந்த கணவரிடம் பல்லைக் காட்டி, "எது புதுசு, சொல்லுங்க பாப்போம்?" என்றார்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நன்றாகப் பார்த்து, பக்கத்துப் பல்லைத் தொட்டார். தையற்காரம்மா தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

இப்போதும் சில காலைகளில் மருத்துவரிடமிருந்து அழைப்பு வரும்: "அம்மா, ஒரு நிறம் பாக்கணும், ரெண்டு நிமிஷம் வர்றீங்களா?" சட்டைக் காலரில் ஊசி குத்தியிருக்க, தையலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.