கவர்னர்மார் மேசையில் ஒரு மன்னிப்பு

இந்த ஊரில் ஒரு பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கக் கூடுகிறவர்கள் முதலில் பிஸ்கட் தட்டைச் சுற்றுக்கு விடுகிறார்கள். லண்டன் ஹரோவில் என் மகன் படிக்கும் பாடசாலையில் பெற்றோர் சார்பில் நான் ஒரு கவர்னர்; நிர்வாகக் குழு உறுப்பினரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். சம்பளமில்லாத வேலை. யாழ்ப்பாணத்திலிருக்கும் அண்ணை இதைக் கேட்டுவிட்டு, "அப்ப வாகனமும் தந்தவங்களோ?" என்றார். கழுத்தில் தொங்கவிட, பாடசாலைக் கதவுகளைத் திறக்கும் ஓர் அட்டை தந்தார்கள். அதிபர் செய்வதற்கெல்லாம் தலையாட்டாமல் கேள்வி கேட்பதுதான் உங்கள் கடமை என்று பயிற்சியும் தந்தார்கள்.

போன மாதம் ஒரு மாணவியை அதிபர் அடியோடு நீக்கியது சரியா என்று பார்க்க மூன்று கவர்னர்கள் இருந்தோம். பிரான்ஸிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை. ஒரு பையனைப் படியில் தள்ளி விழுத்தினாள் என்பது குற்றச்சாட்டு. தள்ளவேயில்லை என்கிறாள் அவள். தாய் மகளோடு உள்ளே வந்தார், உட்காரவில்லை. அதிபரைப் பார்த்துக் கைகூப்பி, தெரிந்த ஆங்கிலத்தில் "சொறி சேர், வெரி சொறி" என்றார். எங்கள் தலைவி உடனே அதைக் குறித்துக்கொண்டார்.

ஊரில் என் அப்பாவும் அந்தத் தாயைப் போலத்தான். பாடசாலைக்குக் கூப்பிட்டால், என்ன ஏது என்று கேட்கமுதலே "பிழைதான் சேர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்பார். விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான். வணக்கம் சொல்வதுபோல அதுவும் ஒரு மரியாதை. எங்களூர் அதிபருக்கும் அது தெரியும்.

தள்ளியதைக் கண்டவர் யார் என்று கேட்டேன். ஒருவருமில்லை, விழுந்த பையன் சொன்னதுதான் என்றார் அதிபர். மற்றக் கவர்னர் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். தாயையும் மகளையும் அதிபரையும் வெளியே அனுப்பியபின், அந்த மன்னிப்பு மரியாதைக்குத்தான், ஒப்புதல் அல்ல என்று எடுத்துச் சொன்னேன். உங்கள் சமூகத்தின் பார்வையைச் சொன்னதற்கு மிக்க நன்றி, ஆனால் தாயே ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று தலைவி சிரித்தார். இரண்டுக்கு ஒன்று. நீக்கம் உறுதியானது. அருவருத்துப் போனேன். எங்களூர்ப் பாடசாலைக் கூட்டங்களில் கதிரை பறக்கும், ஆனாலும் கேள்வி கேட்காமல் எவரும் எழும்பமாட்டார்கள். இவர்கள் நன்றி சொல்லியே கழுத்தறுக்கிறார்கள்.

முடிவைக் கேட்டபின் தாய் நடைபாதையில் என்னிடம் வந்தார்.

"மரியாதைக்குத்தானே அண்ணை மன்னிப்புக் கேட்டனான். உங்களுக்குமோ விளங்கேல்லை?"

"விளங்கினது தங்கச்சி. சொன்னனான்."

"விடுங்கோ அம்மா," என்றாள் மகள். "ஹீ இஸ் வித் தெம்."

அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தேன். இருவரும் வாசலுக்குப் போய், பூட்டியிருந்த கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அட்டையை மறுபடி எடுத்துக் காட்டித்தான் அந்தப் பிள்ளையை வெளியே விட்டேன்.