பத்துக்குப் பத்து வாங்கிய மின்னஞ்சல்

கோமதியின் விரல்களை உடைத்தவன் நான். கதவில் நசுங்கியதாக ஊர் நம்புகிறது... பொய்! நான்தான் உடைத்தேன்.

கல்வராயன் மலையில் ஒரு பள்ளியின் தமிழாசிரியன் நான். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் மலேசியாவிலுள்ள ஒரு தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் மாதம் ஒருமுறை மின்னஞ்சல் எழுதிக்கொள்வார்கள். அனுப்பும் முன் நான் படித்து மதிப்பெண் இடுவேன். உள்ளதை உள்ளபடி எழுதினால் கூடுதல் மதிப்பெண் என்று சொன்னவனும் நானே!

“உன் ஆசிரியர் எப்படிப்பட்டவர்?” என்று அந்த ஊர்த் தோழி கேட்டிருந்தாள். கோமதி எழுதினாள்: ‘எங்கள் ஐயா பாடம் நன்றாக நடத்துவார். கோபம் வந்தால் மர ஸ்கேலால் அடிப்பார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் அடியைவிடப் பயமாக இருக்கும்.’

ஒரு பிழை இல்லை. அந்த வகுப்பில் அதைவிட நல்ல கடிதத்தை எவரும் எழுதியதில்லை. அது எனக்குத் தெரியும்... தெரிந்தும் என்ன செய்தேன்? பத்துக்கு இரண்டு போட்டேன். கணினி அறைக்கு அழைத்து, வலக்கையை மேசைமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னேன்.

ஸ்கேலைத் திருப்பி விளிம்பால் அடித்தேன். ஐந்துக்குமேல் எண்ணவில்லை. அவள் அலறினாள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே! அலற அலற எனக்கு வெறி ஏறியது. சொல்லவே நாக் கூசுகிறது. எலும்பு முறிந்த ஓசை கேட்ட பிறகுதான் என் கை நின்றது.

ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போது, “கதவில் மாட்டிக்கொண்டது என்று சொல்” என்றேன். தலையாட்டினாள்.

மரவள்ளிக் கொல்லையிலிருந்து அவள் அப்பா மருத்துவமனைக்கு ஓடிவந்தார்.

“கதவ பாத்து சாத்தத் தெரியாது? கண்ணு இன்னா பொடனியிலயா கீது?” என்று அவளைக் கன்னத்தில் அறைந்தார். பிறகு என்னைக் கும்பிட்டார். “வேலைய உட்டுட்டுத் தூக்கினு வந்தீங்களே சார்... நல்லா இருக்கணும் நீங்க!”

வாய் திறந்தேனா? இல்லை. அந்த அறையும் நான் கொடுத்ததுதான்.

அன்றே அவள் பெயரில் நான் எழுதினேன். ‘எங்கள் ஐயா தாயைப் போன்றவர். எவரையும் கடிந்துகூடப் பேசமாட்டார்.’ பத்துக்குப் பத்து போட்டு அனுப்பினேன்!

அடுத்த மாதம் பதில் வந்தது. வந்த கடிதத்தை அச்செடுத்து வகுப்பில் உரக்கப் படிப்பது எங்கள் வழக்கம். கட்டுப் பிரித்த கையில் தாளைப் பிடித்துக்கொண்டு கோமதி படித்தாள்: ‘உனக்குக் கிடைத்த ஆசிரியர் எனக்கும் கிடைக்கமாட்டாரா? அவரைப் பற்றி இன்னும் எழுது.’

படித்து முடித்து, தாளை என் மேசையில் வைத்தாள்.

“வெரலு மடங்கல சார். இதுக்கும் நீங்களே எழுதிடுங்க.”

குரலில் கோபமில்லை. அழுகையும் இல்லை...

அன்றாவது உண்மையை எழுதியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? என்னைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதினேன்! அடியில் அவள் பெயரைப் போட்டேன்.

கோமதி இப்போது இடக்கையால் எழுதுகிறாள். அவள் தாள்களை இன்னும் நான்தான் திருத்துகிறேன்.